போக மட்டும் ஏன் கூடுதல் நேரம்?

கேள்வி: மகளைப் பார்க்க கோலாலம்பூரிலிருந்து லண்டன் போகிறேன். போக ஏறக்குறைய 14 மணி நேரம், திரும்ப 13 தானாம். தூரம் ஒன்றுதானே ஐயா?
- ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தூரம் ஒன்றுதான் அம்மா, சுமார் 10,600 கிலோமீட்டர். ஆனால் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு வேகமான காற்று ஓடுகிறது, போகும்போது விமானம் அதை எதிர்த்துப் போகவேண்டும், திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், வங்காள விரிகுடா தாண்டி இந்தியா மேலே போகும், அதுதான் மிகக் குறுகிய வழி. போர் நடக்கும் நாடுகளைச் சுற்றிப் போனால் இன்னும் நீளும். அப்புறம், லண்டன் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால், கோடையில் ஏழு. மாத்திரை சாப்பிடுபவர் என்றால், வேளை தவறாமலிருக்க கைக்கடிகாரத்தை மட்டும் வழியில் மாற்றாதீர்கள்.