சாம்பிராணியும் குங்கிலியமும்: கேள்வி பதில்

வீட்டில் தூபம் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, திருநெல்வேலி டவுனில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் பதில்கள்.

அண்ணாச்சி, நல்ல சாம்பிராணியை எப்படிக் கண்டுபிடிப்பது? (பாளையங்கோட்டை)

கட்டியை உடைத்துப் பாருங்கம்மா. பழுப்புக்கு நடுவே பாதாம்பருப்பை நறுக்கிப் பதித்ததுபோல வெள்ளை வெள்ளையாகத் தெரியும். முகர்ந்தால் வெனிலா சாயலில் இனிப்பான மணம் வரும். இது சுமத்ரா, ஜாவா பக்கத்து மரத்துப் பிசின். கடல் தாண்டி வருகிற சரக்கு, விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ரொம்ப மலிவாகக் கொடுத்தால் வேறு பிசின் கலந்திருக்கலாம்.

குங்கிலியம் நம்ம மலையிலேயே கிடைக்குமா? (அம்பாசமுத்திரம்)

குங்கிலியமும் மரத்துப் பிசின்தான். வெள்ளைக் குங்கிலிய மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது, நம்ம பக்கத்து மலைக்காட்டிலும் உண்டு. ஆனால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் தம்பி. மரத்தைக் கீறப் போகாதீர்கள், கடையில் வாங்குங்கள். மனைவி அரிசி வாங்கத் தந்த தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கினாராம் குங்கிலியக் கலய நாயனார். அந்த மணத்துக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் சாம்பிராணி போதாதா? (தென்காசி)

அவசரத்துக்குச் சரி. அதில் பெரும்பாலும் கரித்தூளும் மரத்தூளும் சென்டும்தான்.

தியானத்துக்கு முன்னால் போடுகிறேன். மனசு அடங்குவதற்குப் பதில் தலைவலிக்கிறது. (சங்கரன்கோவில்)

கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டுதானே போடுகிறீர்கள்? மனசுக்கு இதம் தருவது மணம், புகை இல்லை. மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது. தலைவலியில் ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிரட்டை எரிந்த கங்குகளைத் தூபக்காலில் எடுத்ததும் சாம்பிராணியைப் போட்டுவிடாதீர்கள். செக்கச்செவேல் என்று இருக்கும்போது போட்டால் பிசின் கருகிக் காந்தல் நாற்றம்தான் வரும். மேலே சாம்பல் பூக்கட்டும். அப்புறம் சுண்டைக்காய் அளவு பொடி போதும். ஜன்னலைத் திறந்துவைத்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தூபக்காலை முற்றத்தில் வைத்துவிடுங்கள். புகை கலைந்த பிறகு உட்காருங்கள், மணம் மட்டும் நிற்கும். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அதே மணம் வந்தால், மனசு அதற்குப் பழகித் தானாக அடங்கும். அப்படியும் தலைவலித்தால் தூபத்தையே விட்டுவிடுங்கள்.

குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டச் சொல்கிறார் மாமியார். (வள்ளியூர்)

வேண்டாம் தாயி. இயற்கைப் பிசினின் புகையும் புகைதான், பிஞ்சு நுரையீரல் தாங்காது. துண்டால் ஈரம் போகத் துடைத்தாலே போதும். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். வீட்டில் ஆஸ்துமா, இளைப்பு உள்ளவர்கள் இருந்தாலும் தூபம் வேண்டாம்.

மிச்சக் கங்குகளை என்ன செய்ய? (களக்காடு)

தண்ணீர் தெளித்து, நன்றாக ஆறிய பிறகு செடி மூட்டில் கொட்டுங்கள். அணைந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே கனல் இருக்கும், பிளாஸ்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள்.