அறைக்கே வரும் டிரிப்ஸ்: காசுக்குத் தகுமா?

கேள்வி: படகில் போன நேரமெல்லாம் வாந்தி. விடுதி அறைக்கே வந்து டிரிப்ஸ் ஏற்றுகிறார்களாம். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: தண்ணீர் குடித்தால் வயிற்றில் தங்குகிறதா? தங்கினால் டிரிப்ஸ் தேவையில்லை. 1832-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் லாட்டா உப்புநீரை ரத்தக்குழாய் வழியாக ஏற்றியது, காலராவில் வற்றிச் சாகக் கிடந்தவர்களுக்கு. உங்களுக்கு வந்தது கடல் குமட்டல். கண் ஒன்று சொல்ல, உள்காது வேறொன்று சொல்ல, மூளை குழம்பிப்போகிறது. தரையில் கால் வைத்த சிறிது நேரத்தில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

“நூறு சதவீதம் உடலில் சேரும்” என்ற விளம்பர வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சேர்வது என்ன? அரை லிட்டர் சலைன் பையில் இருப்பது நாலரை கிராம் உப்பு, மற்றதெல்லாம் தண்ணீர். அதில் கொஞ்சம் வைட்டமினைக் கலந்து, பகட்டாக ஒரு பெயரும் சூட்டிவிட்டால் விலை எகிறிவிடுகிறது. தேவைக்கு மிஞ்சிய பி, சி வைட்டமின்களில் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். அடர்மஞ்சளாகப் போவது உங்கள் பணம்தான்.

ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைத் தூள் பொட்டலத்தை அதில் குறித்திருக்கும் அளவு நீரில் கரைத்து, மடமடவென்று குடிக்காமல் மிடறு மிடறாக இறக்குங்கள். எதுவுமே தங்கவில்லை, சிறுநீர் நின்றுபோனது, மயக்கம் வருகிறது என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். விடுதிக் கட்டில் அதற்கான இடமல்ல.

இவ்வளவு பேசுகிற நானும் மூன்று பைகள் சேர்ந்த சலுகைத் தொகுப்பை வாங்கியவன்தான். முதல் பை ஏறியதும் நன்றாகத் தூங்கினேன். அடுத்த படகுப் பயணத்தில் பை ஏற்றாமலே அதே தூக்கம் வந்தது. மீதி இரண்டும் காலாவதியாயின.

கேள்வி: இதய நோயுள்ள அப்பாவுக்கும் சேர்த்துப் பதிவு செய்யலாமா?

பதில்: கூடாது, அவருடைய மருத்துவர் சொல்லாமல் ஒரு சொட்டுகூட ஏற்றக் கூடாது.

கேள்வி: நால்வருக்கு முன்பணம் கட்டினோம். யாருக்கும் குமட்டவில்லை. பணம் திரும்புமா?

பதில்: வாந்தி வருமுன்பே வாந்திக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். நீங்கள் இணைத்த ரசீதில் “முன்பணம் திருப்பித் தரப்படாது” என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எனக்கு அனுப்பும்போதாவது படித்திருக்கலாம்.

கேள்வி: வந்தவர் ரத்த அழுத்தம் பார்க்கவில்லை, ஒவ்வாமை பற்றியும் கேட்கவில்லை. மூன்று முறை குத்தினார். இப்போது முழங்கை மடிப்பு சிவந்து, நரம்பு கயிறுபோலத் தடித்து வலிக்கிறது. நிறுவனம் தொலைபேசியை எடுப்பதில்லை.

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. முதலில் இன்றே மருத்துவரிடம் கையைக் காட்டுங்கள். ஊசி குத்திய ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். போகுமுன் கையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். குத்தியவரின் பெயர், பதிவு எண், ஏற்றச் சொன்ன மருத்துவர் யார், பையில் கலந்தது என்ன என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அட்டையில் செலுத்தியிருந்தால் அந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை என்று வங்கியில் உடனே மறுப்புப் பதிவு செய்யுங்கள். அதற்குக் கெடு உண்டு. செவிலியர், மருத்துவர் பதிவைக் கவனிக்கும் அமைப்புக்கும் ஒரு புகார் போகட்டும். பதில் வராவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.