வாசகர் கேள்வி - பதில்: ஆறடி மீன்தொட்டிக்கு அளவு கொடுக்கும் முன்

கேள்வி: நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் முதல் மாடியில், வரவேற்பறைக்கும் உணவறைக்கும் நடுவிலுள்ள சுவரில் பதித்தாற்போல் ஒரு பெரிய மீன்தொட்டி அமைக்க விரும்புகிறோம். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று அளவு கொடுக்க எண்ணியிருக்கிறோம். தொட்டி செய்பவரிடம் பேசுவதற்கு முன் எவற்றையெல்லாம் முடிவு செய்துகொள்ள வேண்டும்?

பதில்: நீளத்தில் எனக்கு மறுப்பில்லை. அகலத்தையும் உயரத்தையும் இரண்டு அடியாக மாற்றிக்கொள்ளும்படி சொல்வேன். முன்கண்ணாடியை வெளியே தள்ளும் விசை நீரின் ஆழத்தோடு வர்க்கக் கணக்கில் ஏறுவதால், ஆறடி நீளத் தொட்டியில் நீர் இரண்டரை அடி நின்றால் அந்த ஒரு கண்ணாடியின் மேல் மட்டும் ஏறத்தாழ 530 கிலோ எடைக்கு ஈடான விசை இருக்கும். இரண்டடி நின்றால் அது 340 கிலோ அளவில் நின்றுவிடும். இதனால் கொள்ளளவு குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். உங்கள் அளவில் சுமார் 640 லிட்டர் பிடிக்கும், நான் சொல்லும் அளவில் சுமார் 680 லிட்டர் பிடிக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கரைவதற்கான மேற்பரப்பும் 9 சதுர அடியிலிருந்து 12 சதுர அடியாகக் கூடும்.

உயரத்தைக் குறைக்கச் சொல்வதற்குப் பராமரிப்பும் ஒரு காரணம். இரண்டரை அடி உயர ஸ்டாண்டின் மேல் இரண்டரை அடித் தொட்டி நின்றால் அதன் விளிம்பு தரையிலிருந்து ஐந்து அடியில் இருக்கும். அடியில் சரிந்து கிடக்கும் ஒரு கல்லை நிமிர்த்த வேண்டுமானால் ஸ்டூல் மேல் ஏறி, கன்னம் விளிம்பில் அழுந்த, அக்குள் வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். அப்போதும் விரல்நுனி மட்டுமே கல்லைத் தொடும். அப்படிப்பட்ட தொட்டியைச் சில மாதங்களுக்குப் பிறகு யாரும் ஒழுங்காகச் சுத்தம் செய்வதில்லை.

அடுத்தது எடை. இரண்டடி உயரத் தொட்டியில் நீர் மட்டும் 600 கிலோவைத் தாண்டும், 12 மி.மீ. கண்ணாடி 120 கிலோவுக்குச் சற்று மேல் வரும். மணல், கல், ஸ்டாண்டு, கீழே வைக்கும் சம்ப்பின் (மேல்தொட்டியிலிருந்து வழியும் நீரை வாங்கி வடிகட்டும் தொட்டி) நீர் எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ ஒரு டன் ஆகிவிடும். வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பயன்பாட்டுச் சுமைக்கென வடிவமைக்கப்படுவதே பல நாடுகளில் வழக்கம். உங்கள் தொட்டியோ ஒரு சதுர மீட்டரைச் சற்றே மிஞ்சும் இடத்தில் அந்த டன்னை இறக்குகிறது. சுமை தளம் முழுவதும் பகிரப்படும் என்பதால் வைத்தவுடன் தளம் இடிந்துவிடும் என்று பொருளில்லை. ஆனால் கீழே பீம் எங்கே ஓடுகிறது, தொட்டி அதன் மேல் அமைகிறதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டடம் முடிந்தபின் கேட்பதைவிட இப்போதே கேட்டால் அவர் கம்பியைக் கூட்டிக் கொடுத்துவிடுவார். சுவரில் திறப்பு விடும்போது மேலுள்ள சுவரின் எடை தொட்டியின் மேல் இறங்காதபடி லிண்டல் (திறப்புக்கு மேலே குறுக்காகப் போடும் கான்கிரீட் சட்டம்) தாங்க வேண்டும் என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

இருபுறமும் பார்க்கும்படியான தொட்டியில் குழாய்களை மறைக்கப் பின்புறம் என்று ஒன்று கிடையாது. ஆகவே ஒரு முனையை மட்டும் ஒதுக்கி, வழிந்தோடும் நீரை இறக்கும் பெட்டியை அங்கே அமைத்து, அந்தப் பக்கம் ஆள் நின்று வேலை செய்ய இடம் விடுங்கள். தொட்டியின் மேலும் ஒன்றரை அடியாவது திறந்த இடமும் காற்றோட்டமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆவியாகும் நீர் சுவரில் பூஞ்சையாகப் படியும்.

பெரும்பாலோர் மறந்துவிடுவது நீரின் வழியைத்தான். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றினால் அது சுமார் 150 லிட்டர். 15 லிட்டர் வாளியில் பத்து நடை வெளியே கொட்டி, பத்து நடை உள்ளே கொண்டு வர வேண்டும். தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு குழாயும் ஒரு வடிகாலும் வைப்பதற்கு, சுவர் பூசுவதற்கு முந்தைய இப்போதைய நிலையைவிடத் தக்க சமயம் வராது. என்னைக் கேட்டால், வாளி தூக்கிச் சலித்துப்போய்க் கைவிடப்பட்ட தொட்டிகளே கண்ணாடி உடைந்து வீணான தொட்டிகளைவிட அதிகம்.

மின்சாரம் நின்றதும் பம்ப் நிற்கும், நீர்மட்டம் திரும்புகுழாயின் (சம்ப்பிலிருந்து நீரைத் தொட்டிக்கு ஏற்றும் குழாயின்) வாய் வரை கீழே இறங்கும். உங்கள் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே சுமார் 28 லிட்டர் சம்ப்புக்குள் வரும். அதை ஏற்கும் வெற்றிடம் சம்ப்பில் எப்போதும் இருக்க வேண்டும். திரும்புகுழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை இட்டால் அதன் வழியே காற்று புகுந்து சைபன், அதாவது நீர் குழாய் வழியே தானாக இழுபட்டு இறங்குவது, முறிந்துவிடும். பாசி அடைக்காதபடி அதை அவ்வப்போது குத்திவிட வேண்டும். தொட்டியின் மின் இணைப்புகள் அனைத்தையும் கசிவு மின்னோட்டத்தில் தானே துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பு சுவிட்சின் வழியே கொடுங்கள்.

கேள்வி: கண்ணாடியா, அக்ரிலிக்கா?

பதில்: இந்த அளவுக்குக் கண்ணாடிதான். அக்ரிலிக்கின் அடர்த்தி கண்ணாடியினுடையதில் பாதிகூட இல்லை, எளிதில் உடையாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் பாசி சுரண்டும்போது ஒரு மணல்துகள் சிக்கினாலும் கீறல் விழுந்துவிடும். மேல்விளிம்பில் கண்ணாடிப் பட்டை ஒட்டிய இரண்டடித் தொட்டிக்கு 12 மி.மீ. வழக்கமான கனம்; பட்டை வேண்டாமென்றால் கனத்தைக் கூட்ட வேண்டும். பார்வைப் பக்கங்களுக்கு மட்டும் இரும்புச்சத்து குறைந்த கண்ணாடி போட்டால் பச்சைச் சாயல் தெரியாது. டெம்பர் செய்த (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவூட்டிய) கண்ணாடியில் துளையிட முயன்றால் நொறுங்கிவிடுமாதலால் துளைகளை முன்னதாகவே முடிவு செய்யுங்கள். ஸ்டாண்டை ரசமட்டம் வைத்து இருதிசையிலும் சரிபார்த்த பிறகே தொட்டியை ஏற்றுங்கள். வாசல், மாடிப்படித் திருப்பம் இவற்றில் தொட்டி நுழையுமா என்பதையும் ஒரு முறை அளந்து பாருங்கள்.

கேள்வி: நீர் நிரப்பி எத்தனை நாளில் மீன் விடலாம்?

பதில்: குளோரினை நீக்கிய நீரை நிரப்பிச் சிறிதளவு அம்மோனியா சேர்த்து, வடிகட்டியை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேறப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நாட்களை எண்ணுவதைவிடச் சோதனைக் கருவியை நம்புங்கள்: சேர்த்த அம்மோனியா ஒரு நாளுக்குள் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் சில மீன்களை விடலாம், எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டாம்.

மீனைத் தேர்ந்தெடுக்கும்போது அது வளர்ந்தபின் எட்டும் அளவைக் கேளுங்கள். ஆஸ்கார் ஓரடி வளரும், அது உங்கள் தொட்டியில் தாராளமாகத் திரும்பும். நான்கு அங்குலத்தில் அழகாக மீசை ஆட்டும் சிவப்புவால் கெளுத்தியோ ஒரு மீட்டரைத் தாண்டக்கூடியது. இரண்டடி அகலத்தில் அதனால் உடம்பைத் திருப்பவே முடியாது. அதை வாங்காதீர்கள்.