விகிதம் சரி, கணக்கு ஆசிரியர் எங்கே?

கேள்வி: எங்கள் மலைக்கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் 6 முதல் 8 வரை 70 பிள்ளைகள். கணக்குக்கு ஆசிரியர் இல்லை. கேட்டால் மாணவர்-ஆசிரியர் விகிதம் சரி என்கிறார்கள். டவுன் பள்ளிகளில் மட்டும் எல்லாப் பாடத்துக்கும் சீனியர் ஆசிரியர்கள். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராக நான் என்ன செய்ய?

பதில்: 35 பேருக்கு ஒருவர் என்றால் 70-க்கு இரண்டு பேர் போதும் என்பார்கள். போதாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி 6 முதல் 8 வரை வகுப்புக்கு ஒருவராவது, அதாவது மூன்று பேர் வேண்டும். ஆனால் அதே அட்டவணை அறிவியலையும் கணக்கையும் ஒரே ஆளின் தலையில் வைக்கிறது. விலங்கியல் பட்டதாரி ஒருவர் இருந்தாலே சட்டம் திருப்தியாகிவிடும். அல்ஜீப்ரா நடக்கிறதா என்று அது கேட்காது. அதனால் குழுவின் தீர்மானத்தில் 'ஆசிரியர் வேண்டும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள், 'கணிதப் பட்டதாரி ஆசிரியர்' என்றே எழுதுங்கள்.

டவுனில் சீனியர்கள் குவிவதில் சதி ஏதுமில்லை. மாறுதல் கலந்தாய்வில் ஆசிரியர்கள் மூப்பு வரிசைப்படி காலியிடங்களை எடுக்கிறார்கள். மூத்தவர்கள் பஸ் வசதியுள்ள பள்ளிகளை எடுத்தபின் மிஞ்சுவது புதியவர்களுக்கு. அவர்களும் மாறுதலுக்குத் தகுதி வந்ததும் மலையிலிருந்து இறங்கிவிடுவார்கள். தங்க நல்ல வாடகை வீடு ஒன்றை ஊரே பார்த்து வைத்தால் ஓரிரு வருடம் கூடுதலாக நிற்பார்கள்.

தலைமையாசிரியரிடம் பாடவாரியாக மூன்று எண்கள் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரம்பியது, தினமும் பள்ளிக்கு வருபவர். சிக்கல் பெரும்பாலும் கடைசி இரண்டுக்கும் இடையில்தான். உங்கள் கணக்கு ஆசிரியர் மாற்றுப்பணியில் வேறெங்கோ இருந்தால் இடம் நிரம்பியதாகவே கணக்காகும். காலிப்பட்டியலில் வராது, கலந்தாய்வில் யாரும் எடுக்கவும் முடியாது. விகிதத்தைக் காப்பதற்காக, ஒரு பள்ளி ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ பணியாற்ற வைக்கக் கூடாது என்கிறது அதே கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 25(2). தீர்மானத்தில் இந்தப் பிரிவு, எந்த மாதத்திலிருந்து பாடம் நடக்கவில்லை, வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை மூன்றையும் சேர்த்து வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் (தொடக்கக் கல்வி) கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கலந்தாய்வு அறிவிப்புக்கு முன்பே கொடுப்பது நல்லது.

இடமே அனுமதிக்கப்படவில்லை என்றால் ஆகஸ்டு 1 முக்கியம். அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிட நிர்ணயம். சேர்ந்த பிள்ளைகளின் பெயர் ஜூலைக்குள் எமிஸில் (மாணவர் விவரம் பதியும் அரசு இணையதளம்) ஏறாவிட்டால் இருக்கிற ஆசிரியரும் உபரி என்று பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்.

எண்களைத் தர மறுத்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும்.