கோழி உடம்பைச் சுருட்டி உட்கார்ந்தால்: கேள்வி பதில்

கோழி, வாத்து, ஆடு பற்றிக் கேட்டால் விரிவாகச் சொல்கிறேன். மற்றப் பிராணிகள் என்றால் தெரிந்த அளவுக்குத்தான். கேட்கும்போது அதன் வயது, எச்சம் எப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது தீனி எடுத்தது என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அவை இல்லாமல் எதையும் கணிக்க முடியாது.

கேள்வி: ஒன்றரை வயதுப் பெட்டை. நேற்றிலிருந்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் நிற்கிறது. கொண்டை வெளுத்திருக்கிறது, தீனி எடுக்கவில்லை. எச்சம் தண்ணீராக இருக்கிறது. வாயைத் திறந்து என்ன மருந்து ஊற்றலாம்?

பதில்: எதையும் ஊற்றாதீர்கள். கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. சோர்ந்த கோழியின் வாயைப் பிளந்து தண்ணீரோ மருந்தோ விட்டால் அது நுரையீரலுக்குள் போய்விடும். நோயில் பிழைத்திருக்க வேண்டிய கோழி அதிலேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

கோழி தன் நோயை முடிந்தவரை மறைக்கும். பலவீனம் வெளியே தெரிந்தால் மற்றக் கோழிகள் கொத்தும் என்பதால் அப்படி. ஆகவே நேற்றுதான் இப்படி மூலையில் நின்றது என்றாலும் நோய் சில நாட்களாகவே இருந்திருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் அதற்கு வேண்டியது மருந்து இல்லை. தனி இடம், கதகதப்பு, இருட்டு, அமைதி. அதன் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். தீனி எடுக்காத கோழி அந்தச் சூட்டைக் காப்பதற்கே இருக்கும் தெம்பையெல்லாம் செலவழிக்கிறது. ஒரு பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் 27 முதல் 30 டிகிரி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர இடம் வேண்டும். அலகைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை அகட்டி வைத்திருந்தால் அது வெப்ப அயர்ச்சி. அந்தக் கோழிக்குச் சூடு வைக்கக் கூடாது, நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுங்கள்.

கொஞ்சம் அடங்கிய பிறகு கையில் எடுத்துப் பாருங்கள். நெஞ்சை இறுக்கிப் பிடிக்காதீர்கள். நமக்கு இருப்பதுபோல உதரவிதானம் கோழிக்குக் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு விட முடியும். அந்த எலும்பு கூராகத் தட்டுப்பட்டால் எடை குறைந்து வெகு நாளாகிறது என்று அர்த்தம். அப்புறம் தீனிப்பை, வாயின் உட்புறம், பாதத்தின் அடி, எச்சத் துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகளின் அடி என்று வரிசையாகப் பாருங்கள். கொண்டை வெளுப்புக்கு ரத்தம் குடிக்கும் செள்ளு அடிக்கடி காரணமாக இருக்கும். ஒரு வகை செள்ளு பகலில் கூட்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில்தான் ஏறும். அதனால் இரவில் விளக்கோடு போய்க் கூட்டைப் பாருங்கள். பெட்டியில் வெள்ளைத் தாள் விரித்து வையுங்கள். காலையில் அதிலிருக்கும் எச்சத்தைப் பார்த்தால் மருத்துவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட வையுங்கள். அல்லது அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், தானாக விழுங்கும். விழுங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: காலையில் பார்த்தாலும் தீனிப்பை கெட்டியாக உருண்டிருக்கிறது. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில்: கூடாது. மேலே சொன்ன அதே ஆபத்துதான், வெளியே வருவது மூச்சுக்குழலுக்குள் போகும். விடியலில் தீனி வைக்கும் முன் தடவிப் பார்த்தது சரியான முறை, அந்த நேரத்தில் தீனிப்பை காலியாக இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் நீளப் புல், நார், கயிறு போன்றது அடைத்திருக்கும். தளதளவென்று புளித்த வாடை வந்தால் பூஞ்சை பெருகியிருக்கிறது, அதற்கு வேறு மருந்து. அடைப்பு என்றால் தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, விரலால் மெதுவாகப் பிசைந்து விடுங்கள். ஒரு நாளில் இளகாவிட்டால் கால்நடை மருத்துவர் வெளியிலிருந்து கீறிச் சுத்தம் செய்வார்.

கேள்வி: நாய் கடித்துக் கோழியின் முதுகுத்தோல் உள்ளங்கை அளவுக்குக் கிழிந்துவிட்டது. சதை தெரிகிறது, ஆனால் நடக்கிறது. வீட்டிலேயே தைக்கலாமா?

பதில்: தைக்க வேண்டாம். ரத்தம் வடிந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். ரத்தம் நின்றபின் இருட்டில், கதகதப்பில் விடுங்கள். அதிர்ச்சியிலிருக்கும் கோழியை உடனே கழுவ ஆரம்பித்தால் அந்தப் பயத்திலேயே போய்விடக்கூடும். நிதானப்பட்ட பிறகு, கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்துத் தாராளமாகக் கழுவுங்கள். காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளை வெட்டிவிடுங்கள், பிடுங்காதீர்கள். இறக்கைக்கு அடியிலும் தொடையிலும் பல் இறங்கிய சிறு துளைகள் இருக்கும். பெரிய கிழிசலைவிட அவைதான் ஆபத்து.

போவிடோன் அயோடினை நன்றாக நீர்க்க வைத்துத் தடவலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், வளரும் புதுத் திசுவையும் அது கொல்லும். வலி மரத்துப்போகும் களிம்புகளில் பென்சொகெய்ன், லிடோகெய்ன் இருக்கும். பறவைகள் அவற்றை எளிதில் தாங்காது, மருத்துவர் அளவு சொல்லாமல் தடவாதீர்கள். தோலுக்கடியில் காற்று புகுந்து உப்பினாலோ காயத்தில் குமிழி வந்தாலோ, மூச்சுக்கு உதவும் காற்றுப்பை கிழிந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

இவ்வளவு பெரிய காயமா என்று மனம் தளர வேண்டாம். சதை வரை உரிந்த முதுகுகூட, சுத்தமாகவும் ஈரப்பதமாகவும் வைத்திருந்தால் ஓரத்திலிருந்து சில வாரங்களில் மூடிக்கொள்ளும்.

கேள்வி: மேலே தைக்க வேண்டாம் என்று பயமுறுத்துகிறீர்கள். நான் சாதாரண நூலால் தைத்தேன், பத்தே நாளில் ஆறிவிட்டது. திறந்து வைத்தால்தான் ஈ மொய்க்கும்.

பதில்: உங்கள் கோழி பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அதை வைத்து மற்றவர்கள் ஊசி எடுக்கக் கூடாது என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன்.

நாயின் வாயிலிருக்கும் கிருமிகள் பல்லோடு ஆழமாக இறங்கிவிடும். மேல்தோலை இழுத்துத் தைத்தால் அவை உள்ளே அடைபட்டுவிடும். மனிதருக்கோ நாய்க்கோ சீழ் திரவமாக வரும், ஒரு துளை இருந்தால் வடிந்துவிடும். பறவையின் வெள்ளணுக்களில் சீழை இளக்கும் நொதி இல்லாததால் அதன் சீழ் பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியாகிவிடும். தானாக வடியவே வடியாது. தையலுக்கு அடியில் கட்டி கட்டியாகச் சேரும், வெளியே தோல் அழகாக இருக்கும். சில நாள் கழித்துக் கோழி தீனியை விடும்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: (அதே நண்பர்) மருத்துவர்களும் தைக்கிறார்களே?

பதில்: தைக்கிறார்கள். புதுக் காயமா என்று பார்த்து, மயக்கம் கொடுத்து, செத்த சதையை வெட்டி எடுத்து, உள்ளே முழுவதும் கழுவி, தேவையானால் வடிகால் வைத்து, கிருமிக்கொல்லி (ஆன்டிபயாடிக்) கொடுத்துத் தைக்கிறார்கள். மயக்கமில்லாமல் தைக்கும்போது கோழி அசையாமல் இருந்தால் வலிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். பிடிபட்ட இரை அசையாமல் கிடக்கும், பயத்தில் உறைவது அது. வலி அதற்கு முழுசாகத் தெரியும். இதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

கேள்வி: ஈ மொய்ப்பதைப் பற்றி நீங்கள் பதில் சொல்லவில்லையே? என் கோழிக்குத் திறந்த காயத்தில் புழு வைத்தே விட்டது.

பதில்: நியாயமான கேள்வி, அந்த நண்பர் சொன்னதில் இந்தப் பாதி சரி. ஈ முட்டையிட்டால் வெயில் காலத்தில் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். அதற்கு வழி காயத்தை மூடுவது அல்ல, கோழியை ஈ வராத இடத்தில் வைப்பது. வீட்டுக்குள், கொசுவலைக்குள் வையுங்கள். எச்சம் பட்ட விரிப்பை அடிக்கடி மாற்றுங்கள். காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். வெள்ளை அரிசிக் குருணை மாதிரி கொத்தாக ஒட்டியிருப்பது ஈ முட்டை, அந்த நிலையிலேயே வழித்து எடுத்துவிடுங்கள்.

புழு வந்துவிட்டால் உப்புத் தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். ஓரத்துத் தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள், ஒரே தடவையில் எல்லாம் வராது. மண்ணெண்ணெய், பினாயில் எதுவும் ஊற்றாதீர்கள். திறந்த சதை வழியே விஷம் உடம்பில் ஏறும்.

தையல் பற்றி இன்னும் நான்கைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். என் பதில் இதுதான், அடுத்ததற்குப் போவோம்.

கேள்வி: கடித்த நாய்க்கு வெறி இருந்தால் கோழிக்கும் வருமா? முட்டையைச் சாப்பிடலாமா?

பதில்: வெறிநோய் பாலூட்டிகளின் நோய். கோழி மூலம் அது பரவும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் காயத்தில் ஈரமாக இருந்த எச்சில் உங்கள் கையிலுள்ள வெட்டுக்காயத்தில் பட்டிருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருந்தால், மருத்துவர் சொல்லும் நாள் முடியும்வரை முட்டையைச் சாப்பிடாதீர்கள்.

ஆட்டையோ மாட்டையோ கடித்தால் கதையே வேறு. காயத்தைக் கழுவியதும் தடுப்பூசிக்கு அழைத்துப் போங்கள். எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கையை விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. வெறிநோயின் அறிகுறியும் அதுதான். வெறுங்கையை வாய்க்குள் விடவே விடாதீர்கள்.

கேள்வி: நான்கு வாரக் குஞ்சுகள், எச்சத்தில் ரத்தம். எந்த ஆன்டிபயாடிக்?

பதில்: இது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல். காரணம் ஐமீரியா என்ற ஒட்டுண்ணி, பாக்டீரியா இல்லை. அதனால் சாதாரண ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஆம்ப்ரோலியம் அல்லது சல்ஃபா வகை மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் குடிநீரில் கலந்து வைக்க வேண்டும். ஆம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில் பி1 அடங்கிய வைட்டமின் டானிக் கொடுக்காதீர்கள். அந்த மருந்து பி1 போல வேடமிட்டுத்தான் ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது, நீங்கள் உண்மையான பி1-ஐக் கொடுத்தால் மருந்து வீண். படுக்கையை உலர்வாக வையுங்கள். ஈரத்தில்தான் அதன் முட்டைகள் முதிர்ந்து தொற்றும்.

கேள்வி: குஞ்சு தண்ணீர் குடிக்கவில்லை, சிரிஞ்சால் வாயில் அடிக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அடிக்கக் கூடாது.

கேள்வி: கழுத்து திருகிக்கொள்கிறது, பச்சை எச்சம். இரண்டு நாளில் பல கோழிகள் செத்துவிட்டன.

பதில்: வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். பறவைக் காய்ச்சலும் வீட்டில் பார்க்கும்போது இதே போலத்தான் தெரியும், பரிசோதனையில்தான் பிரித்துச் சொல்ல முடியும். இன்றைக்கே கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்கள். இருக்கும் கோழிகளை விற்காதீர்கள், வேறிடம் கொண்டுபோகாதீர்கள், அறுக்காதீர்கள். செத்ததைக் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே. வந்த பிறகு டானிக் தேடி அலைவதில் போகும் நேரத்தில் அக்கம்பக்கத்துக் கோழிகளும் போய்விடும்.

கேள்வி: நோய் வராமலிருக்க மாதம் ஒருமுறை எல்லாக் கோழிக்கும் தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலக்கலாமா?

பதில்: வேண்டாம். உண்மையில் தேவைப்படும் நாளில் அந்த மருந்து கேட்காமல் போகும். முட்டை வழியே உங்கள் வீட்டுக்கும் வரும்.

கேள்வி: பெட்டை காலையிலிருந்து வாலை ஆட்டி முக்குகிறது, முட்டை வரவில்லை.

பதில்: முட்டை அடைத்திருக்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் வயிறு வரை 20 நிமிடம் உட்கார வைத்து, துடைத்து, இருட்டான கதகதப்பில் விடுங்கள். வெளியிலிருந்து அழுத்தவோ உள்ளே முட்டையை உடைக்கவோ கூடாது. ஓடு குத்தி உள்ளே கிழித்துவிடும். மாலைக்குள் வராவிட்டால் மருத்துவர். சுண்ணாம்புச் சத்து ஊசி பல நேரம் உதவும்.

கேள்வி: வாத்துக் குஞ்சுகளுக்குக் கோழித் தீனிதான் போடுகிறேன். கால் வளைந்து, முட்டி வீங்கி நடக்கிறது.

பதில்: நியாசின் (பி3 வைட்டமின்) குறைவு. கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு அது கூடுதலாக வேண்டும், கோழித் தீனியில் அந்த அளவு இருக்காது. ப்ரூயர்ஸ் ஈஸ்ட் தீனியில் கலந்து கொடுங்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் நன்றாகத் தேறும், எலும்பு வளைந்தே வளர்ந்துவிட்டால் திரும்பாது.

கேள்வி: ஆடு தானிய மூட்டையைப் பிரித்துத் தின்றுவிட்டது. இடப்பக்க வயிறு உப்பியிருக்கிறது. எண்ணெய் ஊற்றலாமா?

பதில்: இதைப் படித்ததும் மருத்துவரை அழையுங்கள். அதிகத் தானியம் வயிற்றில் புளித்து அமிலமாகும், ரத்தமும் அமிலமாகும். சில மணி நேரமே இருக்கிறது. அவர் வரும்வரை நிற்க வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க விடாதீர்கள். மிச்சத் தானியத்தை எடுத்துவிடுங்கள். படுத்துவிட்ட ஆட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கோழிக்குச் சொன்னது ஆட்டுக்கும்தான்.

கேள்வி: பூனைக்குக் காய்ச்சல், பாரசிட்டமால்?

பதில்: கொடுக்காதீர்கள். பூனையை அது கொல்லும்.

கேள்வி: முயல் காலையிலிருந்து தின்னவில்லை.

பதில்: நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், முயலுக்கு அரை நாளே அவசரம். மிச்ச ஆன்டிபயாடிக் எதையும் வாயில் கொடுக்காதீர்கள். அமாக்சிசிலின் போன்றவை அதன் குடலைக் கெடுத்தே கொல்லும்.

கேள்வி: கோழி தண்ணீர் குடிக்கமாட்டேன் என்கிறது, இங்க் ஃபில்லரில் தண்ணீர் விடலாமா?

பதில்: விடக் கூடாது, விடக் கூடாது. எதில் எடுத்து ஊற்றினாலும் போகும் இடம் நுரையீரல்தான்.

கேள்வி: பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்கு, நொண்டுகிறது.

பதில்: அங்கேயும் உள்ளே கெட்டிச் சீழ்தான். எப்சம் உப்புக் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊற வைத்து, சுத்தம் செய்து, கட்டுப் போடுங்கள். வீக்கம் பெரிதாக இருந்தால் மருத்துவர் திறந்து எடுப்பார். கோழி ஏறும் கம்பு உயரமாகவோ சொரசொரப்பாகவோ இருக்கிறதா பாருங்கள். உயரத்திலிருந்து குதித்துக் குதித்தும் இது வரும்.

கேள்வி: தனியாக வைத்துத் தேறிய கோழியை எப்போது கூட்டத்தில் விடலாம்? விட்டதும் மற்றவை கொத்துகின்றன.

பதில்: காயம் முழுவதும் புதுத் தோல் மூடும்வரை விடாதீர்கள். சிவப்பு தெரிந்தால் கொத்தும், ஒன்று ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்துகொள்ளும். பிரிந்திருந்த கோழியை மற்றவை அந்நியமாகவே நினைக்கும். முதலில் சில நாள் கம்பிவலைக்கு இந்தப் பக்கம், ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். அப்புறம் சாதுவான ஒரு கோழியைத் துணைக்கு விடுங்கள். பிறகு எல்லாவற்றையும் திறந்த வெளியில், தீனித் தட்டுகளை இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது சேர்த்து விடுங்கள். ஒன்றிரண்டு கொத்து விழத்தான் செய்யும். ரத்தம் வந்தாலோ, அது மூலையில் ஒடுங்கித் தீனிக்கே வராவிட்டாலோ, மறுபடியும் வலைக்கு இந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்.