கைத்தறி என்றால் சாயம் போகுமா?

கேள்வி: பவானி ஜமக்காளம் என்று ஒரு கடையில் வாங்கினேன். முதல் அலசலிலேயே சிவப்பு இறங்கி, வெள்ளைக் கோடெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. கேட்டால், "கைத்தறின்னா அப்படித்தான் சார்" என்கிறார்கள். (சேலம் வாசகர்)

பதில்: இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். என்னிடமும் ஒரு கடையில் இதையேதான் சொன்னார்கள். அந்த விரிப்பின் சிவப்பு இன்னும் எங்கள் வீட்டு மொசைக் தரையில் இருக்கிறது. தறிக்கும் சாயம் போவதற்கும் சம்பந்தமே இல்லை. நூல் தறியில் ஏறுவதற்கு முன்பே சாயவேலை முடிந்துவிடுகிறது. பருத்தி நூலுக்கு வாட் சாயம் போட்டால் நிற்கும், செலவு கூடும். மலிவான டைரக்ட் சாயம் தண்ணீர் பட்டதும் இறங்கும். நல்ல சாயமே போட்டாலும், கடைசியில் நாலு தண்ணீரில் அலசாமல் விட்டால், நூலில் ஒட்டிய மிச்சம் வந்துகொண்டே இருக்கும். காசை மிச்சம் பிடிப்பது யாரோ, பழி மட்டும் குழித்தறியில் நாள் முழுக்க மிதிக்கிற நெசவாளர் மேல்.

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, விடாதீர்கள். பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். போட்டோவோடு கடைக்கு எழுதிக் கொடுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: கைத்தறி முத்திரை இருந்தால் சாயம் போகாதுதானே?

பதில்: கையால் நெய்தது என்பதற்குத்தான் அந்த முத்திரை. சாயத்துக்கு அல்ல.

கேள்வி: உப்பில் ஊறவைத்தால்?

பதில்: நிற்காது. உப்பு உதவுவது சாயத்தொட்டியில்தான், வீட்டு வாளியில் இல்லை.

கேள்வி: ஸ்ரீநகரில் வாங்கிய கம்பளிக் கம்பளத்தில் காபி கொட்டியது. சலவைத்தூள் போட்டுத் தேய்த்து, சுருட்டி வைத்தேன். நீலம் பரவிவிட்டது. பில் வாங்கவில்லை.

பதில்: சலவைத்தூளின் காரம் கம்பளியில் ஏறிய சாயத்தை இளக்கும். ஈரத்தோடு சுருட்டியது அதைப் பக்கத்து நிறத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இத்தனை விலை கொடுத்துப் பில் கூட வாங்காவிட்டால் யாரிடம் போய் நிற்பது? காபி கொட்டினால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, காற்றோட்டமாக உயர்த்திப் போட்டிருக்க வேண்டும். இப்போது கம்பளம் வெளுத்துப் பழகியவரிடம் கொடுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது, ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் சிவப்பிலும் கருநீலத்திலும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பின்பக்கமும்தான். துணியில் நிறம் ஏறினால் வேண்டாம். தேய்க்க விடாத கடையும் வேண்டாம்.

கேள்வி: என் கம்பளத்தில் ஒரே சிவப்பு பட்டை பட்டையாக இரண்டு சாயலில் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. நூல் தீர்ந்து, அடுத்த தொட்டியில் சாயமேற்றிய நூலைப் போட்டிருக்கிறார்கள். தைரியமாக விரியுங்கள்.