7,000 சுற்றுக்கு மேல் இழுக்காத 373 சிசி கார்

உங்கள் மாணவர் போட்டிக் கார் நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்கு மேல் இழுக்கவில்லை, கியரை மாற்றலாமா என்று கேட்டீர்கள். கியரை மாற்ற வேண்டாம், ப்ளீனத்தை (எஞ்சினுக்குப் போகும் காற்றைச் சேர்த்து வைக்கும் பெட்டி) பெரிதாக்குங்கள். உங்களுடைய அரை லிட்டர் பெட்டி போதாது.

ஒற்றை சிலிண்டர் நான்கு வீச்சில் ஒரு முறைதான் காற்றை இழுக்கும். ப்ளீனம் சிறியதென்றால் அந்த மடக்கு முழுவதும் 20 மிமீ ரெஸ்ட்ரிக்டர் (போட்டி விதிப்படி காற்று வழியில் வைக்கும் குறுகிய துளை) வழியே அப்போதே வந்தாக வேண்டும். மூச்சு முட்டத்தான் செய்யும்.

முதலில் சாவியை மட்டும் போட்டு, எஞ்சினை ஓட்டாமல் ப்ளீனத்து மேப் சென்சாரை (உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை அளப்பது) பாருங்கள். தஞ்சாவூரில் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்டும். முழு த்ராட்டிலில் சுற்று ஏற ஏற அது நன்றாக இறங்கினால் இதேதான். இறங்காவிட்டால் பெட்ரோல், ஸ்பார்க் பக்கம் தேடுங்கள்.

கும்பகோணத்தில் நாங்கள் இரண்டு லிட்டராக்கியதும் மேல்சுற்றில் இழுத்தது. ஆனால் வளைவு முடிந்து மிதிக்கும்போது கொஞ்சம் மந்தம். அப்புறம், எரிபொருள் மேப்பை (எந்தச் சுற்றில் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) கட்டாயம் மறுபடி போடுங்கள். ரெஸ்ட்ரிக்டரை மட்டும் அரம் வைத்துத் தேய்த்துவிடாதீர்கள், போட்டிக்கு முன் நடக்கும் வண்டிச் சோதனையிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள்.